என் இடது கையில் ஆறு கட்டங்கள்

மார்ச் 3, திங்கள்

காலையில் டீயைக்கூட முழுசாகக் குடிக்க விடவில்லை. முதலாளியம்மா வந்து என் இடது கையைப் பிடித்து மேசைமேல் மல்லாத்தி, முழங்கைக்குக் கீழே உட்புறமாகப் பேனாவால் ஆறு கட்டங்கள் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் நம்பர். கூசுகிறது என்று நெளிந்தால் அதட்டல். அறுபது வயதில் கையில் நம்பர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கட்டிய மனைவியை 'முதலாளியம்மா' என்று கூப்பிடலாமா என்று மகள் கேட்கிறாள். பின்னறையில் கிரீம் காய்ச்ச ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். முதலாளி அவள். பாத்திரம் கழுவ, டப்பா துடைக்க, லேபிள் ஒட்ட இருக்கிற ஒரே தொழிலாளி நான். இன்றிலிருந்து சோதனை எலி வேலையும் சேர்ந்துகொண்டது.

முதல் கட்டத்தில் பாதாம் எண்ணெய். இரண்டில் ஏதோ ஆப்பிரிக்கக் கொட்டையிலிருந்து எடுக்கிற ஷியா வெண்ணெய். மூன்றில் தேன்மெழுகு. நான்கில் பாதாம் எண்ணெயில் சொட்டு விட்ட லாவெண்டர் என்கிற வாசனைப் பூ எண்ணெய். ஐந்தில் மாவாக அரைத்த ஓட்ஸ். ஆறாவது காலி. ஒன்றும் தடவாததற்கு எதற்கு ஒரு கட்டம் என்று கேட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெறும் தோல் வேண்டாமா என்றாள். இருபத்திரண்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவளிடம் வாயைக் கொடுத்தால் இப்படித்தான்.

காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஏழு நாள் தடவ வேண்டும். தினமும் நோட்டில் எழுத வேண்டும். சிவப்பு, அரிப்பு, தடிப்பு என்று மூன்று பத்திகள். எதிரே 'உண்டு' அல்லது 'இல்லை'. கடைசி நாள் கீழே கையெழுத்து.

மார்ச் 4, செவ்வாய்

எல்லாக் கட்டமும் சுத்தம்.

அந்தச் சோதனை நோட்டு எதற்கு என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பெரிய தெரு ஆஸ்பத்திரியின் தலைமை சிஸ்டர் பழைய கடைப் பழக்கம். வார்டில் நர்ஸ் பிள்ளைகள் ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை கை கழுவுகிறார்களாம். விரல் முட்டியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது என்று புலம்பியிருக்கிறார். நான் ஒன்று செய்து தருகிறேன் என்று இவள் சொல்ல, முதலில் யார் கையிலாவது தடவிப் பார்த்து எழுதிக் கொண்டு வா, அப்புறம் வார்டுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே வகுப்புதான். பாதாம் எண்ணெய் தோலை மிருதுவாக்கும். ஷியா வெண்ணெய் வெடிப்பை ஆற்றும். தேன்மெழுகு உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாமல் மூடி போட்டு வைக்கும். ஓட்ஸ் அரிப்பைத் தணிக்கும். இதில் தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது, தண்ணீர் சேர்ந்தால் பூஞ்சை வரும், அப்புறம் அதைத் தடுக்க வேறொன்று போட வேண்டும். சரி, லாவெண்டர் எதற்கு என்றேன். அது மனசுக்கு என்றாள்.

உண்மை வேறு. முதல் தடவை காய்ச்சியபோது முகர்ந்து பார்த்துவிட்டு, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது தண்டவாளத்துக்குப் போட்ட கிரீஸ் மாதிரியே இருக்கிறது என்று சொன்னவன் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுநாளே லாவெண்டர் பாட்டில் வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டாள்.

மார்ச் 5, புதன்

சுத்தம். கரண்டியை இடம் மாற்றி வைத்ததற்கு அரை மணி நேரம் திட்டு. காது குளிர்ந்தது.

கிண்டலாக எழுதவில்லை. மருந்துக்கடையை மூடிய பிறகு இரண்டு வருஷம் இவள் என்னோடு சண்டையே போடவில்லை. எதைக் கேட்டாலும் 'சரி'. டிவியில் எது ஓடினாலும் 'சரி'. மத்தியானம் முழுக்க வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஆள் நடமாட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அந்த 'சரி' இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பயமே வந்துவிட்டது. இப்போது கரண்டிக்குச் சண்டை போடுகிறாள். போடட்டும்.

மார்ச் 7, வெள்ளி

நான்காம் கட்டம் லேசாகச் சிவந்திருக்கிறது. பேனாவை அழுத்திப் போட்டிருப்பாள்.

நோட்டில் 'இல்லை' என்று எழுதினேன்.

மார்ச் 8, சனி

பேனாவால் வந்ததில்லை. அரிக்கிறது. சின்னச் சின்னதாகத் தடித்தும் இருக்கிறது. சுற்றியுள்ள கட்டங்கள் எல்லாம் சுத்தமாக இருக்க, நான்கு மட்டும் தனியாகத் தெரிகிறது.

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். நானே தடவிக்கொள்கிறேன், நீ உன் வேலையைப் பார் என்றேன். சந்தேகமே படாமல் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். முப்பத்தொரு வருஷம் கிரீஸும் டீசலும் பட்ட தோல் இது. இதற்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று யார் கண்டது? பூப்போன்ற கை உள்ள பிள்ளைகளுக்கு இப்படி ஆகாமலும் இருக்கலாம்.

இதை எழுதும்போதே தெரிகிறது, நேர்மாறாகத்தான் இருக்கும் என்று.

மார்ச் 9, ஞாயிறு

ஏழாம் நாள். நோட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் பளபளவென்றிருந்தது. எல்லாம் 'இல்லை'தானே என்றாள். எல்லாம் இல்லைதான் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

லிஃப்டுக்குள் ஒரு அட்டை தொங்கும். கயிறு, பிரேக், கதவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காமல் போடுகிறவர்கள் இருந்தார்கள். நான் போட்டதில்லை. ஒருமுறை கட்டடக்காரர் அவசரப்படுத்தியபோது, நீங்களே போட்டு நீங்களே ஏறுங்கள் என்று பேனாவை அவரிடம் நீட்டிவிட்டு வந்தவன்.

இன்று போட்டேன்.

சந்தோஷத்தில் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். கதவு திறந்திருக்கிறது என்றேன். திறந்திருந்தால் என்ன, யாரைக் கண்டு பயம் என்றாள்.

மார்ச் 12, புதன்

வார்டுக்கு நாற்பது டப்பா கேட்டுவிட்டார் தலைமை சிஸ்டர். உருக்கி, கலக்கி, ஆறுவதற்குள் ஊற்ற வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கட்டி தட்டிவிடும். கடைசியில்தான் லாவெண்டர் விட வேண்டும், சூட்டில் மணம் பறந்துவிடுமாம். ஜன்னலிலிருந்து பாட்டிலை எடுத்து வா என்றாள்.

எடுத்து வந்தேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள், மரம் மாதிரி நிற்காதீங்க, ஆறிடும் என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஊற்றி முடித்ததும் கிரீம் இறுகிவிட்டது. என் வாயும்தான்.

மார்ச் 17, திங்கள்

தலைமை சிஸ்டர் போன் செய்தார். நான்கே நாளில் வெடிப்பு மூடிவிட்டதாம், பிள்ளைகள் டப்பாவைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்களாம். இப்படியே போனால் எல்லா வார்டுக்கும் வாங்கிக்கொள்ளலாம் என்றாராம். இவளுக்குக் கால் தரையில் படவில்லை. மகளுக்குப் போன், தன் அண்ணனுக்குப் போன், பழைய கடை முதலாளிக்குப் போன். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை.

நானும் மூச்சு விட்டேன். என் தோல்தான் சரியில்லை போலிருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

குட்டி சிஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டாள். வார்டில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, ஆள் சின்னதாக இருப்பதால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லி, விரித்துக் காட்டச் சொன்னால் - இரண்டு புறங்கையும் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம். என் நான்காம் கட்டத்தில் வந்ததேதான். அதே தடிப்பு.

முதலாளியம்மா பதறவில்லை. கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, என்ன சோப்பு, என்ன கிளவுஸ், எப்போது ஆரம்பித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கி, கிரீம் போட ஆரம்பித்த பிறகுதான் ஆன்ட்டி என்றது. இவள் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தாள். ஒவ்வொரு பொருளாக, ஒவ்வொரு நாளாக விரல் வைத்துக் காட்டினாள். பிறகு கடைசியில் இருந்த என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது யார் கையெழுத்து தெரியுமா? முப்பத்தொரு வருஷம் லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டவர். இவர் சரின்னு சொன்னா நான் கண்ண மூடிட்டு ஏறுவேன்மா."

கிரீம் காரணமாக இருக்காது, கிளவுஸைத்தான் மாற்ற வேண்டும், கிரீமை இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போடு என்று சொல்லி அனுப்பினாள். பிள்ளை நம்பிப் போனது. நான் கதவருகில் நின்றிருந்தேன். நின்றுகொண்டேதான் இருந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

சொல்லவில்லை. மூன்று தடவை பின்னறை வரைக்கும் போனேன். மூன்று தடவையும் ஏதாவது பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன்.

மார்ச் 22, சனி

காலையில் இவளே குட்டி சிஸ்டருக்குப் போன் போட்டு விசாரித்தாள். அதிகமாகிவிட்டதாம். கை ஆறும்வரை வார்டுக்குள் வரக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். புது வேலை, நிரந்தரம்கூட ஆகவில்லை, திரும்பக் கூப்பிடுவார்களா என்று அழுததாம். போனை வைத்துவிட்டு, பாவம், என்ன கிளவுஸ் கொடுத்துத் தொலைக்கிறார்களோ என்று இவள் சொன்னாள்.

அவ்வளவுதான். சட்டைக் கையை மடித்தேன். நான்காம் கட்டம் இருந்த இடத்தில் இன்னும் பழுப்பாக ஒரு தடம். கையை அவள் முன்னால் நீட்டினேன்.

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். எந்த நாள் என்று கேட்டாள். ஏழாம் தேதி என்றேன். நோட்டில் என்று இழுத்தாள். இல்லைன்னு எழுதினேன் என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. போனை எடுத்து முதலில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாள். என் கிரீம்தான்மா காரணம், இப்பவே நிறுத்திடு, தோல் டாக்டரைப் பாரு, லாவெண்டர் எண்ணெய்னு மறக்காம சொல்லு என்றாள். அப்புறம் தலைமை சிஸ்டரைக் கூப்பிட்டாள். ஒருத்தரும் தொட வேண்டாம், நாளைக்கு வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். குரல் உடையவே இல்லை. அதன் பிறகு ஜன்னலுக்குப் போய் அந்தப் பாட்டிலை எடுத்தாள். முகர்ந்தாள். மூடி சரியாக மூடாமல் இருந்தது. அடியில் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தாள். வெயிலும் காற்றும் பட்டுக் கெட்டுப்போயிருக்கு, கெட்ட லாவெண்டர் தோலைப் புண்ணாக்கும்னு எனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷம் தேதி பார்த்தே பிழைச்சவ நான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். ஏன் என்றாள். ஒரே வார்த்தை.

நான் என்னத்தச் சொல்ல? ரெண்டு வருஷம் நீ அப்படி உக்காந்திருந்தத என்னால பாக்க முடியல, மறுபடியும் அந்த நாற்காலிக்கே போயிடுவியோன்னு பயந்துட்டேன்னு சொன்னேன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்னப் பாத்துப் பாவப்பட்டீங்களா?" என்றாள்.

"என் கிரீம் சரியில்லன்னா நான் வேற கிரீம் காய்ச்சுவேங்க. நீங்க சரியில்லன்னா நான் எங்க போவேன்?"

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்ன மனுஷன்டா நீ. அவ மேல உனக்கு அவ்வளவுதான் நம்பிக்கையா? பாசம்னு நினைச்சுத்தான செஞ்ச? இதுவா பாசம்?

மார்ச் 23, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி. வரட்டுமா என்று கேட்டேன். உங்கள் இஷ்டம் என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

டப்பாக்களைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டு பேர் கொடுக்க மறுத்தார்கள். இன்றைக்கு ஆகவில்லை என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டாள். தலைமை சிஸ்டரிடம் நான் வாயைத் திறந்தேன். நோட்டில் பொய் எழுதியது நான், இவளுக்குத் தெரியாது என்றேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் இவள் குறுக்கே புகுந்து, எண்ணெய் என்னுடையது, தேதி பார்க்காதது நான், பாதித் தப்பு எனக்குத்தான் என்றாள். நேற்றிலிருந்து என்னோடு பேசாதவள் அங்கே எனக்காகப் பேசினாள்.

பொருள் நல்ல பொருள்தான், ஆனால் என் பிள்ளைகள் கையில் பரிசோதனை செய்யக் கூடாது என்றார் தலைமை சிஸ்டர். குட்டி சிஸ்டரின் வேலைக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார்.

வரும் வழியில் குட்டி சிஸ்டர் வீட்டுக்கும் போனோம். மன்னிச்சிடும்மா என்று என் கையைக் காட்டினேன். அந்தப் பிள்ளை தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கும் இப்படியே வந்துச்சா அங்கிள், ரொம்ப அரிச்சிருக்குமே என்று கேட்டது. என்னைத்தான் கேட்டது.

மார்ச் 25, செவ்வாய்

வேலை போய்விட்டது. சோதனைக்கு இனி மகளும் பக்கத்துப் போர்ஷன் தையல்காரம்மாவும். மகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, எலி போஸ்ட் காலியாமே என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

எதைக் கேட்டாலும் 'சரி'. ஆனால் இது அந்தப் பழைய 'சரி' இல்லை. எனக்கு மட்டும்தான். பின்னறையில் மகளிடம் கரண்டிக்குச் சண்டை போடுகிறாள், இங்கே வரைக்கும் கேட்கிறது. நாற்காலிப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் என்னமோ பயந்து செத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

புதுக் கிரீம். லாவெண்டர் இல்லை, எந்த மணமும் இல்லை. மகள் கை சுத்தம், தையல்காரம்மா கை சுத்தம். ஒவ்வொரு பாட்டிலிலும் திறந்த தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி, அலமாரிக்குள் இருட்டில் வைத்திருக்கிறாள். நான் முகர்ந்து பார்த்தேன். கிரீஸ் மாதிரியேதான் இருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

குட்டி சிஸ்டர் வார்டுக்குத் திரும்பிவிட்டாள். கை ஆறிவிட்டது. போன் வந்ததும் முதலாளியம்மா பின்னறையிலிருந்து ஓடி வந்து என்னிடம்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் கோபமாக இருப்பது ஞாபகம் வந்து உள்ளே போனாள்.

ஏப்ரல் 9, புதன்

தலைமை சிஸ்டர் நாற்பது டப்பா புதுக் கிரீம் எடுத்துக்கொண்டார். கூடவே, படுத்த படுக்கையாக இருக்கிற நோயாளிகளின் குதிகால் எரிச்சலுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாராம். இவள் சாமோமில் என்கிற சீமைச் சாமந்திப் பூவை உலர்த்தி, எண்ணெயில் இரண்டு வாரமாக ஊறப் போட்டு வைத்திருந்தாள், சும்மா ஆசைக்கு. தினமும் ஜாடியைக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பாள். தோல் எரிச்சலைத் தணிக்கிற பூ. இதற்குத்தான் போலிருக்கிறது என்று துள்ளினாள்.

மகளுக்குப் பரீட்சை வேலை. தையல்காரம்மா ஊரில் இல்லை. சாயங்காலம் பேனாவோடு என் முன்னால் வந்து நின்றாள். நான் கையை நீட்டினேன், இந்தத் தடவை வலது கை. மூன்று கட்டம். மூன்றாவதில் சாமோமில்.

நோட்டு என்னிடம் வரவில்லை. நானே பார்த்து நானே எழுதிக்கொள்கிறேன் என்றாள். சரி என்றேன்.

ஏப்ரல் 12, சனி

தினமும் காலையில் என் கையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இரண்டு நிமிஷம் பார்க்கிறாள். சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறாள். அரிப்பைப் பற்றிக் கேட்பதில்லை. அந்தப் பத்தி மூன்று நாளாகக் காலியாக இருக்கிறது. கேட்டால் சொல்வேன். கேட்கவில்லை.

ஆனாலும் அந்த இரண்டு நிமிஷம் என் கை அவள் கையில் இருக்கிறது. இந்த வயதில் அதுவும் சும்மா கிடைக்கிறதா?

ஏப்ரல் 15, செவ்வாய்

ஏழாம் நாள். ஜாடியை மேசைமேல் வைத்திருந்தாள், தங்க நிறம். நாளை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், மார்ச் ஒன்பதாம் தேதி பார்த்த அதே முகம். நோட்டை மூடப் போனாள்.

"அரிக்குதும்மா," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள். "ஒண்ணுமே தெரியலையே."

"தெரியல. நேத்து சாயங்காலத்துலேருந்து அரிக்குது. மூணாவது மட்டும்."

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அவள் ஜாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம். சாமோமில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதுதான் என்றாள், யாரிடமோ சொல்வது போல. எழுந்து ஜாடியை எடுத்துக் கீழ்த்தட்டில் தள்ளி வைத்தாள். நாளைக்குக் கொண்டு வரவில்லை என்று தலைமை சிஸ்டருக்குப் போன் செய்தாள். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து, நோட்டை என் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்க. கண்ணாடி போட்டுட்டு எழுதுங்க, கோழி கிறுக்கின மாதிரி எழுதாதீங்க, அப்புறம் யாரு உக்காந்து படிக்கிறது?"

எழுதினேன். மூன்றாம் கட்டம். சிவப்பு, இல்லை. தடிப்பு, இல்லை. அரிப்பு, உண்டு.